கடைக்கு விடுமுறை, களத்தில் பெயிண்ட்பால்: விசில் யார் கையில்?

ஆண்டுக்கு ஒரு முறை கடைச் சிப்பந்திகளை வேனில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்வருவது எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் வட்டார வணிகர்களிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். மாமல்லபுரம், வண்டலூர், திருத்தணி, பழவேற்காடு என்று ஊர்கள் மாறுமே தவிர, புளிசாதமும் தயிர்சாதமும் பாட்டுக்குப் பாட்டும் மாறியதில்லை. இப்போது கடைப் பையன்கள் வேறொன்று கேட்கிறார்கள். "முதலாளி, இந்த வருஷம் பெயிண்ட்பால் போகலாமா?"

கேட்டவுடன் மறுத்துவிட வேண்டியதில்லை என்பது நமது கருத்து. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இதற்கென்றே களம் அமைத்து நடத்துகிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்வருகிறார்கள். நம் சங்க உறுப்பினர்களும் இரண்டு முறை போய் வந்தாயிற்று. அங்கே கண்டதையும், இந்த விளையாட்டைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். எப்படி ஆடுவது என்பதைக் களத்தில் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆட்டத்தை நடத்தும் நடுவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆகையால் இக்கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றியே.

கடைக்காரரும் சேர்ந்து உண்டாக்கிய ஆட்டம்

பெயிண்ட்பால் பட்டாளத்திலிருந்து வந்த விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது வந்த வழி வேறு. அமெரிக்காவில் காட்டு இலாகாவினர் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போடவும், பண்ணைக்காரர்கள் மந்தையில் மாடுகளை அடையாளப்படுத்தவும் சாயக் குண்டு வீசும் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். நெல்சன் என்ற பெயிண்ட் கம்பெனி விற்ற அந்தக் கருவிக்கு நெல்ஸ்பாட் 007 என்று பெயர்.

சார்லஸ் கெய்ன்ஸ் என்ற எழுத்தாளருக்கும் ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகருக்கும் ஒரு வாக்குவாதம். காட்டில் விட்டால் பிழைத்து வருபவன் நாட்டுப்புறத்தானா, பட்டணத்தானா என்பது பேச்சு. பேசித் தீராததால் பாப் கர்ன்சி என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு, 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் 12 பேராக இறங்கி ஆடிப் பார்த்தார்கள். இந்த பாப் கர்ன்சி யாரென்றால், நம்மைப் போல ஒரு கடைக்காரர்! இவர் அதில் வியாபாரம் இருப்பதைக் கண்டுகொண்டு, பிறகு கம்பெனி அமைத்து ஊர் ஊராகக் களம் நடத்த உரிமம் கொடுத்தார்.

அந்த முதல் ஆட்டத்தில் ஜெயித்தவர் காட்டு வேலை தெரிந்த ரிட்சி வைட் என்பவர். கொடிகளையெல்லாம் சேகரித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் ஒரு குண்டு கூடச் சுட்டிருக்கவில்லை. நம் பையன்கள் முதல் ஐந்து நிமிடத்தில் இருநூறு குண்டைத் தீர்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்வோம்.

குண்டும் ஒரு சரக்குதான்

பெயிண்ட்பால் குண்டு என்பது மீனெண்ணெய் மாத்திரையின் அண்ணன். அதே ஜெலட்டின் உறை. உள்ளே எண்ணெய்க்குப் பதில் சாயம் கலந்த குழம்பு. ஆரம்ப காலத்தில் எண்ணெய்ப் பெயிண்டே இருந்ததால் டர்பன்டைன் போட்டுத் துடைக்க வேண்டியிருந்ததாம். இப்போது தண்ணீரில் கழுவினால் போய்விடுகிறது. வழக்கமான குண்டின் குறுக்களவு 0.68 அங்குலம், அதாவது 17 மில்லி மீட்டருக்குச் சற்று மேல். எடை சுமார் 3 கிராம். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சுத்த சைவக்காரர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவது நல்லது. முகமூடியின் துளை வழியாகச் சிறிது தெறித்து வாயில் படத்தான் செய்கிறது.

ஈரக் காற்றில் இந்தக் குண்டு படும் பாட்டைப் பலசரக்குக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பளம் நமுத்துப் போவதும் வெல்லம் கசிவதும் எதனாலோ அதனால்தான் இதுவும். பையைத் திறந்து போட்டால் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுத்துக் குண்டு ஊதிப் போகும்; உருண்டை வடிவம் கெடும்; துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே உடைந்து வழியும். பழைய சரக்கு காய்ந்து கெட்டியாகிப் போனால் அது வேறு விதம். பட்டால் உடையாது, ரத்தம் கட்டும். களத்துக்குப் போனவுடன் ஒரு கைப்பிடி வாங்கி உருட்டிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ திருப்பிக் கொடுங்கள். துவரம்பருப்பில் வண்டைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது ஒரு வேலையா?

கண்ணுக்கு மாற்று இல்லை

சுடும் வேகம் வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள பொது வழக்கு. கணக்குப் போட்டால் மணிக்கு 330 கிலோ மீட்டருக்குக் கிட்டே வருகிறது. பொழுதுபோக்குக் களங்களில் இதைவிடக் குறைத்தே வைப்பார்கள். உடம்பில் பட்டால் ஒரு சிவப்பு வட்டம், நாலைந்து நாளில் மறைந்துவிடும். கண்ணில் பட்டால் கதை வேறு. கண்விழி கிழிவது, உள்ளே ரத்தம் கட்டுவது, விழித்திரை பிய்ந்து விலகுவது, பார்வையே போவது வரை கண் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை முகமூடி போடாத நேரத்தில், அல்லது "ஒரு நிமிஷம்" என்று கழற்றிய நேரத்தில் நடந்தவை.

நம் பகுதியின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் லேலண்டிலோ, மணலியிலோ, துறைமுகத்திலோ வேலை பார்ப்பவர்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால், எத்தனை வருட சர்வீஸ் என்றாலும், கேட்டில் நிற்பவர் உள்ளே விடமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். களத்தின் வாசலில் நடுவர்தான் அந்தக் கேட்டில் நிற்பவர். சங்கத் தலைவரே வந்தாலும் முகமூடியின் பட்டையை இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

நம் கடற்கரை ஊரில் முகமூடிக்கு முதல் எதிரி வியர்வை. உள்ளே ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிடும். எதிரே யார் என்று தெரியாது. ஆடுபவர் தன்னையறியாமல் முகமூடியைத் தூக்கி விரலால் துடைப்பார். ஆபத்தெல்லாம் அந்த இரண்டு வினாடியில்தான். கண்ணாடி மங்கினால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். அவர் கையைப் பிடித்துக் களத்துக்கு வெளியே, வலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்ட பிறகே கழற்ற வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன் ஒரு முறை சொன்னால் போதாது, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் சொல்ல வேண்டும். யாராவது களத்துக்குள் கழற்றிவிட்டால் நடுவர் தொடர்ந்து விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, ஓடிப்போய் அவர் முகத்தைத் தன் கையாலும் உடம்பாலும் மறைக்க வேண்டும். கழற்றியவர் குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். திட்டுவதெல்லாம் அப்புறம்.

ஒருவேளை கண்ணில் பட்டே விட்டால் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து லேசாக ஒட்டி, நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் களம் இருப்பது நகரத்தின் மறுகோடியில். ஆகவே களத்துக்கு அருகில் எந்தக் கண் மருத்துவமனை என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் கண்ணில் அறுவை செய்துகொண்டவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களும் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

முதல் பயணத்தில் நடந்தது

நாங்கள் முதன்முறை போனபோது களத்துக்காரர்கள் ஒரே ஓர் இளைஞரை நடுவராகக் கொடுத்தார்கள். ஆடியவர்கள் இருபது பேர். அந்த இளைஞர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டு நிழலில் நின்று கைப்பேசியைப் பார்க்கலானார்.

நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் பொட்டலம் மடிக்கும் பையன், இருபத்திரண்டு வயது, டிரம் வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு மொத்த வியாபாரியின் தோளில் சுட்டுவிட்டான். நல்ல குறி. அவர் சட்டென்று உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். "அண்ணாச்சி, அவுட்டு!" என்று இவன் கத்தினான். "எங்கடா பட்டுது? காட்டு பாப்போம்!" என்று அவர் எழுந்தார். உள்ளங்கையில் ஆரஞ்சு வண்ணம் அப்பியிருந்ததைப் பக்கத்தில் நின்ற நாலு பேர் பார்த்தோம். நடுவர் தலையைத் தூக்கி, "நான் பாக்கலை சார், நீங்களே பேசிக்குங்க" என்றார்.

பேசினார்கள். பையனின் முதலாளி அந்த மொத்த வியாபாரியிடம் முப்பது நாள் தவணையில் சரக்கு எடுப்பவர். வேறு என்ன செய்வார்? "அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேளுடா" என்றார். பையன் கேட்டான். வேனில் திரும்பி வரும்போது கடைசி இருக்கையில் உட்கார்ந்தவன் திருவொற்றியூர் வரும் வரை வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் மணலியில் வேறு கடைக்குப் போய்விட்டான். ஆறு வருடம் இருந்தவன். எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவன்.

மொத்த வியாபாரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விளையாட்டு மும்முரத்தில் யாரும் துடைப்பார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டதால், அது கடன் கொடுத்தவருக்கும் கடன் வாங்கியவருக்கும் நடுவில் போய் விழுந்துவிட்டது. அங்கே தீர்ப்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதானே!

நடுவருக்குச் சில யோசனைகள்

கபடியில் 13 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தில் பதினான்கு பேர் ஆடுகிறார்கள். எல்லோரும் கண்முன்னே நிற்கிறார்கள். அதற்கே ஒரு நடுவர், இரண்டு துணை நடுவர்கள், மூன்று குறிப்பாளர்கள் என்று ஆறு பேர் வேண்டியிருக்கிறது. டிரம்முக்கும் டயருக்கும் பின்னால் ஒளிந்து ஆடும் இருபது பேருக்கு ஒருவர் எப்படிப் போதும்? ஒரு பக்கத்துக்கு இருவர் என்று நால்வராவது வேண்டும். களத்துக்காரர்கள் இருவரைத்தான் தருவார்கள் என்றால் மீதி இருவரை நாமே கொண்டுபோவோம். இரண்டாம் பயணத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், வட்டாரக் கபடிப் போட்டிகளில் விசில் பிடித்தவர், வர இசைந்தார்.

அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு உண்டு. அவர் யாருக்கும் முதலாளி இல்லை, யாரிடமும் சிப்பந்தி இல்லை, யார் கடையிலும் பாக்கி வைத்தவரும் இல்லை. சங்கப் பொறுப்பாளர்கள் நடுவராக நிற்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்கப் போகிறவர் அவுட் கொடுப்பதற்குத் தயங்குவார். கடை முதலாளி தன் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவராவதும் அப்படித்தான். அவர் நியாயமாகவே சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எது அவுட் என்பதை ஆட்டத்துக்கு முன்னரே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். களத்துக்குக் களம் விதி சற்று மாறும். பெரும்பாலும் குண்டு உடம்பில் பட்டு உடைந்து, ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வண்ணம் படிந்திருந்தால் அவுட். பட்டு உடையாமல் குதித்துப் போனால் அவுட் இல்லை. பக்கத்து டிரம்மில் பட்டுத் தெறித்த துளிகளும் கணக்கில்லை. கையில் உள்ள துப்பாக்கியில் பட்டு உடைந்தால் உடம்பில் பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இருவர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் சுட்டுவிட்டால் இருவரும் அவுட். யார் முந்தி என்ற ஆராய்ச்சியில் நடுவர் இறங்கக் கூடாது.

முதுகில் பட்டதா இல்லையா என்று ஆடுபவருக்கே தெரியாது. அப்போது அவர் நடுவரைக் கூப்பிடலாம். நடுவரும் தானே போய்ப் பார்க்கலாம். களத்துப் பாஷையில் இதற்கு ‘பெயிண்ட் செக்’ என்று பெயர். பார்த்து முடியும் வரை அவரும் சுடக் கூடாது, அவரை யாரும் சுடவும் கூடாது. நடுவர் உரக்கச் சொல்லி, கையை நீட்டித் தடுத்து நின்றுகொண்டு பார்க்க வேண்டும். முன்பக்கம் பார்த்துவிட்டு விட்டுவிடாமல் முதுகு, தோள், தொடையின் பின்புறம், காலணி வரை பாருங்கள். வண்ணம் இருந்தால் ‘அவுட்’ என்று ஒரே சொல். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பஞ்சாயத்து வந்துவிடும்.

துடைப்பது பற்றி. இந்த ஆட்டத்தில் இதைவிடக் கீழான செயல் கிடையாது. துடைத்ததைக் கண்டால் துடைத்தவர் அவுட், அவரோடு அவர் பக்கத்து ஆள் இன்னொருவரும் அவுட் என்று பந்தயங்களில் தண்டிக்கிறார்கள். நம் ஆட்டத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். தன்னால் கூட்டாளியும் வெளியேறுகிறார் என்றால் எந்தக் கையும் தானாகத் தயங்கும். அவுட் ஆனவர் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். போகிற வழியில், "டேய், அந்த டயருக்குப் பின்னாடி இருக்கான்!" என்று சொல்லிக்கொடுப்பதும் குற்றமே.

நடுவரின் கண் எங்கே போகிறது என்பதை ஆடுகிறவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இதைப் புது நடுவர்கள் எவரும் யோசிப்பதில்லை. ஒளிந்திருப்பவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாலோ, அவனையே உற்றுப் பார்த்தாலோ அவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். ஆகவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லாத மறைவுக்குப் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நம் உடற்கல்வி ஆசிரியர் காலி டிரம் ஒன்றையே ஐந்து நிமிடம் கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றதில், இரண்டு பேர் குண்டு முழுவதையும் அதன் மேல் செலவழித்தார்கள். அது சற்று அதிகம்தான்.

மிக அருகில் வந்து சுடக் கூடாது. பத்து, பதினைந்து அடிக்குள் வந்துவிட்டால் ‘சரண்டர்’ என்று சொல்லி வெளியேற வாய்ப்புக் கொடுக்க வேண்டும். தலையை நீட்டாமல் கையை மட்டும் வெளியே நீட்டிக் கண்மூடித்தனமாகச் சுடுவதையும், அவுட் என்று கை தூக்கிய பிறகும் விடாமல் சுடுவதையும் நடுவர் முதல் தடவையிலேயே கண்டிக்க வேண்டும். கடைக் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வெளிப்படுவார்கள். முதலாளியைப் பையனும், பையனை முதலாளியும். ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: அடி வாங்குபவர் போதும் என்று சொல்வதற்கு முன்பே ரெஃப்ரி நடுவில் புகுந்து நிறுத்துவார். அந்தத் துணிச்சல் இங்கேயும் வேண்டும்.

நடுவரும் முகமூடி போட்டே நிற்க வேண்டும். இரு அணியினரின் நிறமும் இல்லாத பளிச்சென்ற சட்டை வேண்டும். அவர் மேலும் குண்டு படும். பட்டால் முறைக்கக் கூடாது.

துப்பாக்கியின் வேகத்தை அளக்கக் களத்தில் ஒரு கருவி இருக்கும். அது நம் தராசின் முத்திரை மாதிரி. ஒவ்வொரு துப்பாக்கியையும் நடுவர் முன்னால் சுட்டுக் காட்டச் சொல்லி எண்ணைப் பார்க்க வேண்டும். காலையில் பார்த்தாயிற்று என்று விட்டுவிடவும் கூடாது. சில துப்பாக்கிகள் கரியமில வாயு உருளையில் இயங்குகின்றன. சோடாவில் அடைக்கும் அதே வாயு. வெயில் ஏற ஏற உருளைக்குள் அழுத்தம் ஏறும், குண்டின் வேகமும் கூடும். காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்தது மதியம் ஒரு மணிக்கு எல்லை தாண்டியிருக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தக் காற்றில் இயங்குபவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஓய்வெடுக்கும் இடத்துக்கு வரும்போது குழாயின் வாயில் துணி உறை மாட்டியிருக்க வேண்டும். மாட்டாதவருக்கு அடுத்த ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

அணி பிரிப்பதும் கணக்குப் பார்ப்பதும்

கடைவாரியாக அணி பிரிக்காதீர்கள். ஒரே தெருவில் எதிரெதிரே கடை போட்டிருக்கும் இருவரை ஒரே அணியில் போடுங்கள். கடன் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துப் போடுங்கள். முதலாளி ஓர் அணியிலும் அவருடைய பையன் எதிரணியிலும் இருந்தால் தவறில்லை, நடுவர் சரியாக இருக்கும் பட்சத்தில். பதினெட்டு வயதாகாதவர்களை இதில் சேர்க்க வேண்டாம் என்பது நம் யோசனை. உறுப்பினர்களின் பிள்ளைகள் அடம் பிடித்தால், சின்னக் குண்டு போட்டுக் குறைந்த வேகத்தில் ஆடும் சிறுவர் களம் சில இடங்களில் தனியாக உண்டு. விசாரித்துக்கொள்ளலாம்.

பணம் விஷயத்தில் நாம் ஏமாறமாட்டோம் என்று நினைத்துத்தான் போகிறோம். தலைக்கு இவ்வளவு என்று சொல்லும் கட்டணத்தில் எத்தனை குண்டு அடங்கும், தீர்ந்த பிறகு நூறு குண்டு என்ன விலை என்பதை எழுதி வாங்குங்கள். களத்துக்காரருக்கு லாபம் நுழைவுக் கட்டணத்தில் இல்லை, மேல் குண்டில் இருக்கிறது. இருபது பேர் ஆளுக்கு இருநூறு மேல் குண்டு கேட்டால் நாலாயிரம் குண்டு. நாமெல்லாம் செய்யும் வியாபாரம்தானே இது! ஜிஎஸ்டி உள்ளடக்கமா, தனியா என்பதையும் கேட்டு, பில் போட்டு வாங்க வேண்டும். மேலங்கி வாடகை, முகமூடி உடைந்தால் சேதாரம் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

குண்டு, துப்பாக்கி சொந்தமாக வாங்கி முகத்துவாரத்து மணலிலோ, கடற்கரையோரக் காலி இடத்திலோ ஆடலாமே என்று இளைஞர்கள் சிலர் ஆலோசனை சொன்னார்கள். துறைமுகமும் மின் நிலையமும் எண்ணெய்க் கிடங்குகளும் சூழ்ந்த ஊரில், துப்பாக்கி போலத் தெரியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பாதுகாப்புக்காரர்கள் விளையாட்டு என்றா நினைப்பார்கள்? வழிப்போக்கர்களுக்கு முகமூடியும் கிடையாது. அந்தப் பேச்சே வேண்டாம். மேலும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து குடும்பம் குடும்பமாகத் தெருவில் ஓடியதையும் கண்டவர்கள் நாம். ஒரு நாளாவது வேறு காற்றைச் சுவாசித்துவிட்டு வருவோமே.

எப்போது போவது?

மே 5 வணிகர் தினத்தன்று கடையடைப்பு என்பதால் அன்றே போகலாம் என்று யோசனை வந்தது. அது மாநாட்டுக்குப் போகும் நாள் என்பது ஒரு பக்கம். அக்னி நட்சத்திர வெயிலில் தடித்த மேலங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஓடினால் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள் என்பது மறுபக்கம். தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் நமக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாதத்தின் முதல் பத்து நாள் மாதச் சாமான் வியாபாரம். ஆக, பிப்ரவரியில் மூன்றாம் வாரத்து ஞாயிறு எல்லாவற்றுக்கும் தோதாக வருகிறது. காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பினால், காசிமேடு, ராயபுரம், பாரிமுனை, அடையாறு வழியாக நெரிசலுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். எட்டு மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கினால் பதினொன்றரைக்குள் நாலு ஆட்டம் முடியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், ஒரு டப்பா நிறைய எலுமிச்சையும் உப்பும் அவசியம். கைலி வேண்டாம், முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, ஷூ.

இரண்டாம் பயணத்தில் அந்த மொத்த வியாபாரியும் வந்திருந்தார். முதல் ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே உடற்கல்வி ஆசிரியர் அவர் முதுகைப் பார்த்து ‘அவுட்’ என்றார். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே நடந்து, மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவரைச் சுட்டது அவருடைய மண்டியில் மூட்டை தூக்கும் ஆள்தான். மறுநாள் காலை வழக்கம் போல அவன் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம்.

நடுவர்களைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவர்களிடம் களக் கட்டணத்தில் பங்கு வாங்கக் கூடாது, வேன் வாடகையிலும் கூடாது. வெயிலில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நடப்பவர்கள் அவர்கள். மதியம் இலை போடும்போது முதல் பந்தியில் அவர்களை உட்கார வையுங்கள்.